அது ஸ்க்ரம் இல்லையாம்

ஓஎம்ஆர் சாலையில் எந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் போனாலும் காலை பத்து மணிக்கு ஒரு கூட்டம் வட்டமாக நின்றுகொண்டிருக்கும். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், ஏதாவது தடை இருக்கிறதா. நின்றுகொண்டே பேசினால் பதினைந்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று வந்த ஏற்பாடு இது. எங்கள் டீமில் நாற்பது நிமிஷம் ஓடும். முதுகுவலிக்காரர் ஒருவர் இருந்தார், அவரும் நிற்பார். பேரே 'ஸ்டாண்ட்-அப்' ஆச்சே! அந்த வட்டத்தை நான்கு வருஷம் நடத்தியவன் நான்தான். ஸ்க்ரம் மாஸ்டர். அதனால் இதில் நான் திட்டும் முதல் ஆள் நானேதான்.

ஒரு வெள்ளிக்கிழமை டெஸ்டிங்கில் இருந்த பெண் வந்து, "அண்ணா, தவணை வட்டிக் கணக்குல ரவுண்டிங் தப்பா போகுது. என் டிக்கெட்ல இல்ல, ஆனா இப்பவே பார்த்துடலாமா?" என்றாள். நான் அசரவில்லை. "ஸ்பிரிண்ட் நடுவுல புது வேலை எடுக்க முடியாதும்மா, பேக்லாக்ல போடு." போட்டாள். அது அங்கேயே கிடந்தது. ரிலீஸ் போனபிறகு கிளையண்ட் கண்டுபிடித்தான். டெஸ்டிங்கில் விட்டுவிட்டார்கள் என்று அவள் அப்ரைசலில் ஏறியது. என் பக்கம் ஒரு கீறல்கூட இல்லை. நான் விதிப்படி நடந்தேனே!

இதில் கொடுமை என்னவென்றால், அது விதியே இல்லை. வேலை புரியப் புரிய அதன் அளவைத் திரும்பப் பேசிக்கொள்ளலாம் என்றுதான் ஸ்க்ரம் கையேட்டில் இருக்கிறது. அந்த மூன்று கேள்விகளையும்கூட 2020 பதிப்பில் தூக்கிவிட்டார்கள். பதின்மூன்றே பக்கம். நான் படிக்கவில்லை, சான்றிதழ் மட்டும் வாங்கி வைத்திருந்தேன்.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பனிச்சறுக்கு விடுதி ஒன்றில் பதினேழு பேர் கூடி எழுதியதுதான் அஜைல் அறிக்கை. கனமான ஆவணங்களும் செயல்முறைகளும் வேலையை நெரிக்கின்றன என்ற எரிச்சலில் எழுதியது. செயல்முறையையும் கருவியையும்விட மனிதர்களும் அவர்கள் பேசிக்கொள்வதும் பெரிது என்பதுதான் அவர்கள் முதலில் வைத்த விஷயம். நாம் அதை வாங்கி ஜிரா டிக்கெட் ஆக்கினோம். பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் பேசக்கூட டிக்கெட் நம்பர் வேண்டும். அந்தப் பதினேழு பேரில் ஒருவரான டேவ் தாமஸே 2014இல் 'அஜைல் செத்துவிட்டது' என்று கட்டுரை எழுதினார். நம் ஊரில் அதற்குப் பிறகும் கோச் வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

முறையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 'நெகிழ்வா இருங்கப்பா' என்று மேனேஜர் சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும். சனிக்கிழமை வா என்று அர்த்தம். வளைவது எப்போதும் கீழே இருப்பவன் முதுகு. நான் கேட்கும் நெகிழ்வு வேறு. இந்த மீட்டிங் தேவையா, இந்த வேலையை இப்போதே எடுக்கலாமா என்பதை வேலை செய்கிறவர்கள் முடிவுசெய்யட்டும். வெலாசிட்டி சார்ட்டை வைத்துப் படம் காட்டுகிறவர்கள் கொஞ்சம் ஒதுங்கி நிற்கட்டும்.

அந்தப் பெண் மூன்று மாதத்தில் பேப்பர் போட்டுவிட்டாள். கடைசி நாளில் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லண்ணா, அந்த டிக்கெட் இன்னும் ஓப்பனாத்தான் இருக்கு, பார்த்துக்கோங்க" என்றாள்.

இப்போது வேறு டீம். வாரத்தில் இரண்டு நாள்தான் கூடுகிறோம், உட்கார்ந்துதான். 'இன்னைக்கு யாருக்கு யாரோட உதவி வேணும்?' என்று ஒரே கேள்வி. முதல் வாரம் யாரும் வாயே திறக்கவில்லை. இப்போது நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவசரமான தப்பு கண்ணில் பட்டால் ஸ்பிரிண்ட் கிடக்கட்டும் என்று எடுத்துவிடுவோம். போன மாதம் தணிக்கைக்கு வந்த கோச் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, "சார், இது ஸ்க்ரமே இல்லையே, ஸ்க்ரமை மாத்தக்கூடாதுன்னு கையேட்டிலேயே இருக்கே" என்றார். இருக்கிறது, உண்மைதான். இப்போது படித்துவிட்டேன்.

"ஆமாங்க, இல்லை" என்றேன். அவர் அதையும் குறித்துக்கொண்டார்.