பிடிக்கலைன்னா மாத்திக்கலாமாம்!

போன சனிக்கிழமை எடிசன்ல ஒரு நண்பர் வீட்டு பாட்லக். நண்பருக்கு அடுத்த மாசம் 65 முடியுது. புளியோதரையை வாயில வெச்சுக்கிட்டே சொன்னார்: "மெடிகேர் அட்வாண்டேஜ் எடுக்கப் போறேன் சார். ப்ரீமியம் ஜீரோ. பல்லு, கண்ணாடி, ஜிம் எல்லாம் ஃப்ரீ. பிடிக்கலைன்னா அடுத்த வருஷம் மாத்திக்கலாம்."

கடைசி வாக்கியத்துல எனக்குப் புரையேறிடுச்சு. ஏன்னா, 2018-ல நான் தங்கமணிகிட்ட சொன்னதும் அட்சரம் பிசகாமல் இதேதான்.

முதல்ல அடிப்படை. 1965-ல் ஜான்சன் கையெழுத்துப் போட்ட அரசாங்க மெடிகேர்ல ஆஸ்பத்திரிக்கு பார்ட் ஏ, டாக்டருக்கு பார்ட் பி. டாக்டர் செலவுல 80 சதவீதம் அரசாங்கம் தரும்; மிச்சம் 20 நம்ம தலையில, அதுக்கு உச்சவரம்பே கிடையாது. அந்த ஓட்டையை அடைக்க மெடிகேப்னு தனியா ஒரு பாலிசி வாங்கணும். இதுக்கெல்லாம் மாற்றாக, தனியார் கம்பெனியே மொத்தத்தையும் பார்த்துக்கறது பார்ட் சி. 1997-ல் சட்டமாகி, 2003-ல் 'அட்வாண்டேஜ்'னு பேர் மாத்திக்கிச்சு. யாருக்கு அட்வாண்டேஜ்னுதான் கேள்வி :-)

'ஜீரோ ப்ரீமியம்' என்பதே அரை உண்மை. பார்ட் பி ப்ரீமியத்தை (2026-ல் மாதம் 202.90 டாலர்) பெரும்பாலானவங்க கட்டியே ஆகணும். அப்போ பல்லும் ஜிம்மும் எங்கிருந்து வருது? நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்ற மெட்பேக் கமிஷன் கணக்குப்படி, அதே ஆட்கள் அரசாங்க மெடிகேர்ல இருந்தா ஆகும் செலவைவிட 2025-ல் சுமார் 84 பில்லியன் டாலர் கூடுதலாக இந்த பிளான்களுக்குப் போகுது. அதாவது ஃப்ரீ இல்ல, நம்ம வரிப்பணம்தான்.

இனி என் கதை. இரண்டு வருஷம் முன்னாடி ஜனவரி பனியில தங்கமணி வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சுது. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு ரீஹேப் சென்டர்ல சேர்த்தோம். பதினைஞ்சாவது நாள் பிளான்லேர்ந்து ஒரு நோட்டீஸ்: இனி தேவையில்லை, வீட்டுக்குப் போகலாம். அவளால அப்போ பாத்ரூம் வரைக்கும்கூட நடக்க முடியாது! மறுநாள் மதியம் 12 மணிக்குள்ள அப்பீல் பண்ணணும். பண்ணினோம், ஜெயிச்சோம். பத்தே நாள்ல அடுத்த நோட்டீஸ். அவளே வெறுத்துப்போய், "வீட்டுக்குப் போயிடலாங்க"ன்னுட்டா. இதே அரசாங்க மெடிகேர்னா, தகுதி இருக்கிறவங்களுக்கு முதல் 20 நாள் முழுசாகவும், 100 நாள் வரை தினசரி ஒரு பங்கு நாம கட்டினாலும் கவரேஜ் உண்டு.

எங்களுக்கு மட்டும்தான் இப்படியா? 2022-ல் வந்த சுகாதாரத் துறை இன்ஸ்பெக்டர் ஜெனரல் அறிக்கை சொல்லுது: பெரிய அட்வாண்டேஜ் கம்பெனிகள் நிராகரிச்ச முன் அனுமதிகள்ல 13 சதவீதம், மெடிகேர் விதிப்படி கொடுத்திருக்க வேண்டியவை.

சரி, மாத்திக்கலாம்னு கிளம்பினேன். அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை அரசாங்க மெடிகேருக்குத் திரும்பலாம், அந்தக் கதவு திறந்துதான் இருக்கு. ஆனா மெடிகேப் கதவு? 65 ஆகி பார்ட் பி தொடங்கின முதல் ஆறு மாசம் மட்டும்தான் எந்தக் கேள்வியும் கேட்காம தரணும். அப்புறம் நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ், மெயின் தவிர ஏறக்குறைய எல்லா மாநிலத்திலும் உடம்பைப் பத்திக் கேட்டு, வேண்டாம்னு சொல்லலாம். எங்களுக்கும் அதான் சொன்னாங்க. தங்கமணிக்கு சர்க்கரை, ஒரு ஸ்டென்ட், இப்போ இடுப்பு வேற. மெடிகேப் இல்லாம திரும்பினா அந்த 20 சதவீதம் வரம்பில்லாம காத்திருக்கு. ஆக, மாட்டிக்கிட்டோம்.

நியாயமா ஒண்ணு சொல்லணும். மெடிகேப் ப்ரீமியம் கட்ட முடியாதவங்களுக்கு அட்வாண்டேஜ் மேல். அதுல வருஷச் செலவுக்கு உச்சவரம்பு உண்டு (நெட்வொர்க்குக்குள்ள 2025-ல் அதிகபட்சம் 9,350 டாலர்). அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். என் கோபமெல்லாம், கட்ட முடியும்கிற ஆட்கள்கிட்டயும் பல் செட்டைக் காட்டி, ஆறு மாச விஷயத்தை வாயே திறக்காத ஏஜெண்ட்டுகள் மேலதான். கேட்காம விட்ட என் மேலயும்தான்.

65-ல் நேரா அட்வாண்டேஜ்ல சேர்ந்தவங்களுக்கு முதல் 12 மாசத்துக்குள்ள வெளியே வந்தா மெடிகேப் உரிமை உண்டு. ஏற்கெனவே சேர்ந்துட்டீங்கன்னா இன்னிக்கே தேதியைப் பாருங்க. இன்னும் சேரலைன்னா ஏஜெண்ட்கிட்ட ஒரே கேள்வி கேளுங்க: "எழுபது வயசுல, வியாதியோட, நான் திரும்ப முடியுமா?" அவர் ஜிம்மைப் பத்திப் பேச ஆரம்பிச்சா, எழுந்து வந்துடுங்க.

நண்பர் புளியோதரையைக் கீழே வெச்சுட்டு யோசிச்சுக்கிட்டு இருந்தார். யோசிக்கட்டும். எனக்கு அன்னிக்கு யாரும் சொல்லலை.