பிள்ளையின் பின்னால் யாருடைய பெயர்?

எங்கள் வீடுகளில் பிள்ளை பிறந்த ஏழாம் நாள் முடி இறக்கி, அகீகா கொடுத்து, பெயர் வைப்பார்கள். என்ன பெயர் என்பதில் உம்மும்மாவுக்கும் மாமிமாருக்கும் இடையே சிறிய இழுபறி வரலாம். ஆனால் அந்தப் பெயரோடு சேரும் முதலெழுத்து யாருடையது என்று எவரும் கேட்பதில்லை. அது வாப்பாவுடையது.

ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் இந்தக் கேள்விதான் நீதிமன்றம் வரை செல்கிறது. அங்கே குடும்பப் பெயர் வழக்கம் உண்டு. திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழும் இருவருக்கும் வெவ்வேறு குடும்பப் பெயர்கள். பிள்ளைக்கு எதை வைப்பது என்பதில் இருவரும் இணங்காவிட்டால் என்ன செய்வது?

எமது மார்க்கம் திருமணத்தையே குடும்பத்தின் வாசலாக வைத்திருக்கிறது. அந்த வாழ்க்கை முறைக்காக நான் இங்கே வாதாட வரவில்லை. ஆனால் பிறந்துவிட்ட பிள்ளை எந்தக் குற்றமும் செய்யவில்லை. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் பற்றிய சமவாயத்தின் 7ஆம் உறுப்புரை, பிறந்தது முதல் பெயர் பெறும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்கிறது. ஆகவே பெற்றோர் இருவரும் தமது உரிமையைப் பற்றிப் பேசுவதற்கு முன் பிள்ளையின் உரிமையைப் பேச வேண்டும் என்பதே என் கருத்து.

பெல்ஜியத்தின் அனுபவம் இதில் நல்ல பாடம். 2014இல் அங்கே வந்த சட்டம், தந்தையின் பெயரையோ தாயின் பெயரையோ இருவர் பெயரையுமோ வைக்கலாம் என்றது. இணக்கம் இல்லையென்றால் தந்தையின் பெயர் என்றும் சொன்னது. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயம்தான். ஆனால் தந்தை "முடியாது" என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவர் நினைத்ததே நடந்துவிடும். அப்படியிருக்க அவர் ஏன் தாயுடன் உட்கார்ந்து பேசப் போகிறார்? 2016இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை நீக்கியது. இப்போது இணங்காதவர்களின் பிள்ளைக்கு இருவர் பெயரும் அகரவரிசைப்படி சேரும். பிரான்ஸ் 2013இலேயே இந்த வழிக்கு வந்துவிட்டது. இத்தாலியில், பிள்ளைக்குத் தந்தையின் பெயர் தானாகவே சேர்வது அரசியலமைப்புக்கு முரணானது என்று 2022இல் தீர்ப்பாயிற்று. அங்கே எந்தப் பெயர் முதலில் என்பதில் பிணக்கு வந்தால் நீதிபதி தீர்ப்பார்.

அகரவரிசையில் பெயர் வைப்பதா என்று சிலர் சிரிக்கலாம். எனக்கு அதில் ஒரு நன்மை தெரிகிறது. பிடிவாதம் பிடிப்பதால் எவருக்கும் இலாபம் இல்லை. தாய் மட்டுமே முடிவு செய்யட்டும் என்று சொல்வோரும் உண்டு. அதையும் நான் ஏற்கமாட்டேன். பொறுப்பேற்க முன்வரும் தந்தையை வெளியே நிறுத்துவது பிள்ளைக்கும் நட்டம்.

தாயின் வழியும் சொல்லப்பட்டால் பரம்பரை குழம்பிவிடும் என்று பயப்படத் தேவையில்லை. நான் பிறந்த கிழக்கிலங்கையில் முஸ்லிம்களின் குடி தாய்வழியாகவே வருகிறது. என் பெயருக்கு முன்னால் வாப்பாவின் பெயர் இருக்கிறது. என் குடியோ உம்மாவின் குடி. இந்த இரண்டும் எனக்குள் ஒரு நாளும் சண்டை பிடித்ததில்லை. ஈஸா (அலை) அவர்களை மர்யமின் மகன் என்றே நாம் அறிவோம். ஆயிஷா (றழி) அவர்கள் நபிகளாரை மணந்த பின்னரும் அபூபக்ரின் மகள் என்றே அழைக்கப்பட்டார்கள். மனைவியாகும் பெண் தன் பெயரை இழக்க வேண்டும் என்று எமது மார்க்கம் கேட்கவில்லை.

இது தூர தேசத்துப் பிரச்சினை, எமக்கென்ன என்று இருந்துவிடவும் முடியாது. எமது நாட்டிலும் மணமாகாத பெற்றோரின் பிள்ளைக்கு, தாயும் தந்தையும் சேர்ந்து கேட்டுக் கையொப்பமிட்டாலே பொதுவாகத் தந்தையின் பெயர் பதிவாகும். தந்தை வராவிட்டால் அந்த இடம் வெறுமையாகவே இருக்கும். பாடசாலை அனுமதிப் படிவத்திலும் அடையாள அட்டை விண்ணப்பத்திலும் அந்த வெறுமையை நிரப்பச் சொல்லிக் கேட்கப்படுவது, அதற்குக் காரணமில்லாத பிள்ளைதான்.

ஆகவே பெற்றோரே, பெயரில் முந்துவதை விடப் பிள்ளையின் பாற்செலவிலும் படிப்புச் செலவிலும் முந்துங்கள். தோழிகளே, வகுப்பில் ஒரு பிள்ளையிடம் "உன் வாப்பாவின் பெயர் என்ன?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்பதற்கு முன் சற்று யோசியுங்கள். அவள் பெயரை மட்டும் கேட்டாலே நட்புக்குப் போதும்.