கண்மாய்க்கு ஞாயிற்றுக்கிழமை சேவை வேண்டாம்

மாசி பிறந்தால் போதும், மெயில் வர ஆரம்பிச்சிடும். "ஐயா, உங்க பதிவெல்லாம் படிக்கிறோம். எங்க நண்பர்கள் நாற்பது பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உங்க ஊர்க் கண்மாயைச் சுத்தம் செஞ்சு தரலாமா?" நல்ல பிள்ளைங்கதான். மரியாதையாத்தான் கேக்குறாங்க. மூணு வருஷமா எல்லாருக்கும் வேண்டாம்னே பதில் போட்டுக்கிட்டு இருக்கேன். பெரியவருக்கு என்ன இவ்வளவு வீம்புன்னு சிலருக்கு வருத்தம். அதனால ஒரே தடவையா விவரமா எழுதிடுறேன்.

ஒரு நாள் சுத்தம் எப்படி நடக்குதுன்னு பக்கத்து ஊர்கள்ல பார்த்திருக்கேன். வெயில் ஏறுன பிறகு வேன் வரும். கையுறை, தொப்பி, பேனர். மதியம் பாக்குமட்டைத் தட்டுல சாப்பாடு. குறை சொல்லக்கூடாது, வேலை செய்யத்தான் செய்றாங்க. சாயங்காலத்துக்குள்ள அம்பது அறுபது மூட்டை சேர்ந்துடும். மூட்டைகளை வரிசையா அடுக்கி, பின்னால நின்னு போட்டோ எடுத்துட்டு வேன் கிளம்பிடும்.

மூட்டை எங்கே போகும்? யாராவது யோசிச்சிருக்கீங்களா? எங்க மாதிரி ஊராட்சியில குப்பைக் கிடங்குன்னு பெருசா ஒண்ணும் கிடையாது. தூய்மைக் காவலர்னு இரண்டு மூணு அக்காமார் இருக்காங்க. ஒரு தள்ளுவண்டி. மாசம் சில ஆயிரம் ரூபாய். அவங்கதான் அந்த மூட்டையை அவிழ்க்கணும். சோத்துக் கவர் வேற, கண்ணாடி வேற, துணி வேறன்னு பிரிக்கணும். உங்களோட ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவங்களுக்குத் திங்கள்ல இருந்து வியாழன் வரைக்கும் கூடுதல் வேலை. அதுக்குள்ள பாதி மூட்டையை நாய் கிழிச்சிருக்கும். அடுத்த சனிக்கிழமை ராத்திரி மறுபடியும் கார் வரும், பாட்டில் உடையும். கரை பழையபடி ஆயிடும். போட்டோவுல மட்டும் கண்மாய் சுத்தமா இருக்கும்.

பாட்டிலைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். பங்குனி, சித்திரையில கண்மாய் வத்துனதும் வண்டல் மண்ணை வட்டாட்சியர் அனுமதியோட இலவசமா எடுத்து வயலுக்கு அடிக்கிறோம். வருஷம் பூரா தண்ணி கொண்டுவந்து சேர்த்த சத்து அதுல இருக்கு. இப்ப மண்ணோட கண்ணாடியும் டிராக்டர்ல ஏறி வயலுக்கு வருது. கரையில நீங்க பார்க்கிற பாட்டிலைப் பொறுக்கிடலாம். உடைஞ்சு சேத்துக்குள்ள இறங்குனதை யார் பொறுக்குவா? நடவுக்கு இறங்குறவங்க செருப்பு போட்டுக்கிட்டு இறங்க முடியாது. போன வருஷம் எங்க வயல்ல நாத்து நட்ட ஒரு அக்காவுக்கு உள்ளங்கால்ல ஏழு தையல். மூணு வாரம் கூலி போச்சு. அந்த பாட்டில் எந்த வருஷம், எந்த சனிக்கிழமை விழுந்ததுன்னு யாருக்குத் தெரியும்?

உடனே, பட்டணத்துக்காரன் மேல பழி போடுறான்னு நினைக்காதீங்க. எங்க ஊர் இளவட்டங்களும் இதுல கூட்டாளிதான். உடைக்கிறவன் எந்த ஊருங்கிறது எனக்கு இரண்டாம் பட்சம். உடையுற நேரத்துல அங்கே "தம்பி, அதைக் கொடு"ன்னு கைநீட்ட ஒரு ஆள் இல்லைங்கிறதுதான் என் வழக்கு.

கைநீட்ட ஆள் இருந்தா என்ன நடக்கும்ங்கிறதுக்கு நீலகிரியைப் பாருங்க. உடைஞ்ச பாட்டில் காட்டுல யானைக்கும் மத்த விலங்குக்கும் காலைக் கிழிக்குதுன்னு வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போச்சு. 2022ல அங்கே டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலா வாங்கிக்கிட்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தா அந்தப் பத்து ரூபாயைத் திருப்பித் தர்ற ஏற்பாடு வந்தது. பெரும்பாலான பாட்டில் திரும்பி வந்துச்சு. குடிக்கிறவன் திடீர்னு புத்தன் ஆயிட்டானா? இல்லை. வாங்கிக்க ஒரு ஆள், தினமும், அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

அமெரிக்காவுல இதுக்குன்னே ஒரு வேலை இருக்கு. அரசாங்கக் காடு, தேசியப் பூங்கா, பொது நிலம் எல்லாத்துலயும் கூடாரம் போட்டுத் தங்குற இடங்கள் இருக்கும். அங்கே ஒருத்தர் அல்லது ஒரு தம்பதி, சீசன் முழுக்கத் தங்கியிருப்பாங்க. கேம்ப் ஹோஸ்ட்னு பேரு. பெரும்பாலும் ஓய்வு பெற்றவங்க. சொந்தமா வீட்டு வண்டி வெச்சிருப்பாங்க. அதை அங்கேயே நிறுத்திக்கலாம். நிறுத்துற இடத்துக்கு வாடகை கிடையாது. வசதி இருக்கிற இடத்துல மின்சாரம், தண்ணியும் கொடுத்துடுவாங்க. தன்னார்வலரா வர்றவங்களுக்குச் சம்பளம்னு ஒண்ணும் இல்லை. தேசியப் பூங்காக்கள்ல தன்னார்வலரைச் சேர்த்துக்க 1970லயும், தேசியக் காடுகள்ல சேர்த்துக்க 1972லயும் சட்டம் போட்டிருக்காங்க.

அவங்க பார்க்கிற வேலையைக் கேளுங்க. கழிப்பறை கழுவுறது. காகிதம் தீர்ந்தா மாத்துறது. அடுப்புக் குழியில சாம்பல் அள்ளுறது. கிளம்பிப் போனவன் நெருப்பை முழுசா அணைச்சானான்னு போய்ப் பார்க்கிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல பாட்டுப் போட்டா, "கொஞ்சம் குறைச்சுக்கங்க"ன்னு சொல்றது. சமையல் சாமானை வெளியே வெச்சா கரடி வரும்னு வர்ற ஒவ்வொரு குடும்பத்துக்கும், நூறாவது தடவையா, சிரிச்ச முகத்தோட சொல்றது. அபராதம் போட அதிகாரம் கிடையாது. மீறினா ரேஞ்சருக்குத் தகவல் சொல்லலாம், அவ்வளவுதான். அதாவது அதிகாரமும் இல்லை, மேடையும் இல்லை. ஆனா மாசக்கணக்கா அங்கேயே இருக்காங்க. அவங்க இருக்கிறதே பாதி வேலையைச் செஞ்சிடுது. பக்கத்துல ஒரு வீட்டு விளக்கு எரியுறப்ப பாட்டிலை உடைக்கிறதுக்கு யாருக்கும் கொஞ்சம் கூச்சம் வரும்.

இதுல எனக்கு உடன்பாடு இல்லாத விஷயமும் இருக்கு. சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டிய வேலையை, ஓசியில செய்ய ஆள் கிடைக்குதுன்னு அரசாங்கம் ஒப்பேத்துறதுக்கும் இது வழியாகுது. சொந்த வண்டி, ஓய்வூதியம் உள்ளவங்கதான் பெரும்பாலும் போக முடியும். அங்கேயே சில இடங்கள்ல தனியார் குத்தகைக்கு எடுத்து இதே வேலைக்குக் கூலி கொடுக்குறாங்கன்னா, வேலை வேலைதான்னு தெரியுதுல்ல? நம்ம காட்டுல வேட்டைத் தடுப்புக் காவலர்னு தொகுப்பூதியத்துல, பல பேர் பழங்குடி இளைஞர்கள், ராப்பகலா நடக்குறாங்க. அவங்களை யாரும் தன்னார்வலர்னு மாலை போட்டுப் பார்த்ததில்லை.

நம்ம ஊர்லயும் இருந்துச்சு, இல்லாம இல்லை. கண்மாய்க்கு நீர்க்கட்டி இருந்தார். எந்த மடையை எப்பத் திறக்கணும், எந்த வயலுக்கு எவ்வளவு நேரம், கரையில எங்கே நண்டு வளை போட்டிருக்கு, மழை ராத்திரியில கலிங்குல தண்ணி எவ்வளவு உயரம் போகுது, எல்லாம் அவர் கணக்கு. அறுப்பு முடிஞ்சதும் ஒவ்வொரு வயல்காரரும் நெல் அளந்து கொடுக்கணும். அது தர்மம் இல்லை, அவருக்குச் சேர வேண்டிய பங்கு. இதைச் சொன்னதும் "ஆகா, நம் முன்னோர்கள்"னு கிளம்பிடாதீங்க. பல ஊர்ல அந்த வேலை தலித் குடும்பங்கள் தலையில பரம்பரையாக் கட்டுனது. ஊருக்கே தண்ணி பாய்ச்சுன மனுஷனுக்கு, அதே ஊர்ல குடிக்கிற தண்ணிக்குத் தனி இடம். அவங்க பிள்ளைங்க படிச்சு வேற வேலைக்குப் போனதுல எனக்குச் சந்தோஷம்தான். போர்வெல் வந்த பிறகு வயல்காரங்களுக்கும் கண்மாய் மறந்துபோச்சு. ஆனா அந்த இடம் காலியானது காலியானதுதான். 100 ஏக்கருக்கு மேல பாசனம் உள்ள கண்மாய்னா பொதுப்பணித் துறை, இப்ப நீர்வளத் துறை. அதுக்குக் கீழேன்னா ஊராட்சி ஒன்றியம். இரண்டு பேருக்கும் ஃபைல் இருக்கு. ராத்திரி கரையில நடக்க ஆள்தான் இல்லை.

எங்க மாவட்டத்துக்காரன்கிறதால குரங்கணியைச் சொல்லாம இருக்க முடியலை. 2018 மார்ச் 11. மலையேறப் போன பிள்ளைங்க இருபது பேருக்கு மேல தீயில செத்துப்போனாங்க. தீ எப்படிப் பிடிச்சது, யார் தப்புங்கிறதுக்குள்ள நான் போகலை. மாசி, பங்குனியில மலைப்புல் எப்படிக் காய்ஞ்சு கிடக்கும், காத்து எந்த நேரத்துல திரும்பும்னு அடிவாரத்துல ஆடு மேய்க்கிறவருக்குத் தெரியும். தெரிஞ்சவர் சொல்ற இடத்துல இருக்கணும், கேக்குறவங்களும் கேக்கணும். அதுக்கப்புறம் மலையேற்றத்துக்கு விதிமுறை வந்தது. 2024ல வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளை முறைப்படி திறந்து, உள்ளூர் இளைஞர்களை வழிகாட்டியா வெச்சிருக்கு. நல்ல காரியம். காட்டுக்கு அந்த அளவுக்காவது வந்தாச்சு. கண்மாய்க் கரைக்கும் ஆத்துப் படுகைக்கும் அதுவும் இல்லை. யார் வேணா கார் ஓட்டிக்கிட்டு வந்து கூடாரம் போடலாம்.

"எங்களுக்கு வேலை இருக்கே, எப்படித் தங்க முடியும்"னு கேப்பீங்க. நியாயம். நாற்பது பேரும் வர வேண்டாம். நாற்பது பேருக்கு வேன், சாப்பாடு, தொப்பி, பேனர்னு ஆகுற செலவைக் கூட்டிப் பாருங்க. எங்க ஊர் ஆள் ஒருத்தருக்கு இரண்டு மாசச் சம்பளத்துக்கு முட்டுக் கொடுத்துடலாம். பணம் கொடுத்துட்டு வீட்டுல இருந்தாலே அது பெரிய உதவி. போட்டோ கிடைக்காதுங்கிறது ஒண்ணுதான் குறை.

ஓய்வு பெற்ற சார்மாருக்கு ஒரு வார்த்தை. வாரத்துக்கு ஒருத்தராவது எனக்குப் போன் பண்ணி, கிராமத்துல ஒரு அம்பது சென்ட் இடம் பார்த்துக் கொடுங்க, மண்ணோட வாழணும்னு கேக்குறீங்க. வாங்குன மறுமாசமே கம்பிவேலி, கேட்டு, சிசிடிவி. ஆடு நடந்த பாதை அடைபடும். மண்ணோட வாழ நிலம் வாங்கணும்னு யார் சொன்னது? கண்மாய் உங்களுக்கும் பாத்தியப்பட்ட நிலம்தான். வந்து இருந்து பாருங்களேன்.

ஊர்ல நாலு பேர்கிட்டப் பேசிட்டுத்தான் இதை எழுதுறேன். தை முதல் சித்திரை வரைக்கும் ஒரு ஆள், அல்லது கணவன் மனைவி. கரைக்குப் பக்கத்துல ஒரு அறை, ஒரு விளக்கு, அரிசி, காய் எங்க பொறுப்பு. சம்பளம் கிடையாது, ஏன்னா எங்க ஊர்ப் பையன் ஒருத்தனுக்குச் சம்பளம் போட்டு உங்ககூட வைக்கிறோம். அதிகாரம் அவனுக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. காலையில கரையைச் சுத்தி ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. சனிக்கிழமை ராத்திரி கட்டாயம் கரையில இருக்கணும். வர்ற காரை நிறுத்தி, காலி பாட்டிலை இந்தச் சாக்குல போடுங்கன்னு பக்குவமாச் சொல்லணும். சில பேர் திட்டுவாங்க. திருப்பித் திட்டாத ஆளா இருந்தா நல்லது. கழிப்பறை ஒண்ணு கட்டியிருக்கோம், அதைக் கழுவுறதும் இந்த வேலையில சேர்த்தி. தூய்மைக் காவலர் அக்கா செய்யட்டும்னு சொல்றவங்க தயவுசெய்து எழுத வேண்டாம். மத்தவங்க மார்கழிக்குள்ள மெயில் போடுங்க.