தலைவர் விழுந்தால் படை என்னாகும்?



பதுளைப் பக்கத்துத் தாய் ஒருவர் கேட்கிறார்: மகன் மேசை மீது சிறு பொம்மைப் படைகளை நிறுத்தி நெப்போலியன் காலத்துப் போர்களை விளையாடுகிறானாம், பகடையும் உருட்டுகிறானாம். இது ஆகுமா?

விளையாட்டு இன்னதென்று அறியாமல் பதில் சொல்வது முறையல்ல. இதன் மூலம் பிரஷ்ய நாடு. 1812இல் ரைஸ்விட்ஸ் என்பவர் அரசருக்காக அமைத்ததை, அவர் மகன் 1824இல் இராணுவ அதிகாரிகளுக்கான பயிற்சியாக விதிகளோடு வெளியிட்டார்.

இன்றைய விதிகளில் தளபதிக்குத் தனிக் காய் உண்டு. அவர் பின்னால் நின்றால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் கட்டளை தாமதமாகப் போய்ச் சேரும். ஒரு பிரிவோடு முன்னே போனால் அதற்குத் தைரியம் கூடும். அப்பிரிவு அடி வாங்கும்போது அவருக்காக இரு பகடைகள் உருட்டப்படும். இரண்டிலும் ஆறு விழுந்தால் அவருக்கு அடி என்பது பல விதிநூல்களில் உள்ள வகை. அதாவது 36இல் ஒரு வாய்ப்பு. காயமா மரணமா என்பதை மறு வீச்சு சொல்லும். பிறகு அவர் கீழிருந்த பிரிவுகள் கட்டளையின்றி நிற்கும், அவற்றின் மனவுறுதி சோதிக்கப்படும்.

இது வெறும் கற்பனையல்ல. 1812இல் பொரொடினோவில் பக்ராத்தியோன் காயப்பட்டதும் அவரது ரஷ்ய அணி தடுமாறியது. 1805இல் டிரபல்காரில் நெல்சன் சுடப்பட்டும் அவரது கப்பல்கள் வென்றன. திட்டம் தலைவர்கள் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது.

நம் சரித்திரத்தில் இதைவிடத் தெளிவான உதாரணம் உண்டு. ஹிஜ்ரி 8இல் மூத்தாவுக்குப் படை அனுப்பிய நபி (ஸல்) அவர்கள், ஸைத் விழுந்தால் ஜஃபர், ஜஃபர் விழுந்தால் அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) என்று முன்கூட்டியே வரிசை சொன்னார்கள். மூவரும் ஷஹீதானார்கள். பின்பு காலித் (ரலி) கொடியை ஏந்திப் படையைக் காத்துத் திரும்பினார். உஹதிலோ, நபியவர்கள் கொல்லப்பட்டார்கள் என்ற பொய்ச் செய்தியே பலரின் கையைத் தளரச் செய்தது. வதந்திக்கும் பகடை உருட்டும் விதிநூலை நான் கண்டதில்லை!

ஊவாவுக்கு வருவோம். தேயிலை வருவதற்கு முன்பு, 1817இல், வெல்லஸ்ஸையில் கிளர்ச்சி எழுந்தது. தவளம் மாடுகளில் பொதி சுமந்த முஸ்லிம்களுக்கு ஹாஜி மரைக்காரை ஆங்கிலேயர் முஹந்திரமாக நியமித்து, சிங்களத் தலைவரின் அதிகாரத்திலிருந்து அவர்களைப் பிரித்திருந்தனர். அந்த மனக்கசப்பு கிளர்ச்சிக்கு ஒரு காரணமாயிற்று. கிளர்ச்சியாளர் ஹாஜியைப் பிடித்துக் கொன்றார்கள். பதுளையிலிருந்து சிறு படையோடு போன அதிகாரி வில்சனும் அம்பு பட்டு இறந்தார். அந்நியர் தந்த பதவி ஹாஜியை அவருடைய அயலவர்க்கே எதிரியாக்கிற்று. அவர் வீட்டுப் பெண்களின் கதி என்னவாயிற்றோ என்றுதான் என் மனம் கேட்கிறது. எந்த விதிநூலும் இதை எண்ணுவதில்லை.

வில்சன் இறந்தும் ஆங்கிலேயப் படை கலையவில்லை. அங்கே ஒருவர் போனால் அடுத்தவர் வருவார். கிளர்ச்சியை அடக்கப் போய் அதிலேயே சேர்ந்து தலைவரான கெப்பெட்டிபொல 1818 அக்டோபரில் பிடிபட்டதும் எதிர்ப்பு அடங்கிப் போயிற்று. அரசுரிமை கோரிய வில்பாவேயையோ மடுகல்லையே போலியென்று பிடித்துத் தொழுமரத்தில் மாட்டினார். சாகாமலும் தலைவர் இல்லாமற் போகலாம்.

இனிக் கேள்விக்கு. நர்து என்னும் பகடையாட்டத்தைக் கண்டித்த ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. பணம் வைக்காவிட்டாலும் கூடாது என்பதே நம் ஷாபிஈ மத்ஹபின் வலுவான கருத்து. எனவே பகடையை நான் ஆகுமாக்க மாட்டேன். ஆனால் மகனின் ஆர்வத்தை ஏன் கெடுக்க வேண்டும்? 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற பிரஷ்ய அதிகாரி, பகடையை விட்டு, அனுபவமுள்ள நடுவர் காரணம் சொல்லித் தீர்ப்பளிக்கும் முறையை முன்வைத்தார். ரைஸ்விட்ஸின் காய்களும் பொம்மைகளல்ல, குறியிட்ட கட்டைகளே. தச்சரிடம் மரத்துண்டு வாங்கிக் கொடுங்கள். நடுவராக வாப்பா இருக்கட்டும். அவருக்கு நேரமில்லையென்றால் நீங்களே இருங்கள், உம்மா. தளபதி விழுந்ததாகச் சொல்வதற்கு முன், ஏன் விழுந்தார் என்று மகனிடம் கேளுங்கள். மேசையில் பதுளையிலிருந்து வெல்லஸ்ஸைக்குப் போகும் பாதையையும் வரையச் சொல்லுங்கள், தவளம் மாடுகள் போன வழியோடு.