டெல்லி தருவது கொடை அல்ல

தேர்தல் வந்துவிட்டால் மேடைக்கு மேடை ஒரே பேச்சு: “டெல்லி இத்தனை லட்சம் கோடி கொடுத்ததே, மாநில அரசு என்ன செய்தது?” டெல்லி கொடுக்கிறது, மாநிலம் கைநீட்டி வாங்குகிறது என்ற இந்த எண்ணம் அடியோடு தவறு.

வருமான வரியை ஒன்றிய அரசு வசூலித்தாலும், அதில் மாநிலங்களுக்குப் பங்கு உண்டு என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 270ஆவது பிரிவு. எவ்வளவு என்பதை நிதி ஆணையம் பரிந்துரைக்கும். 15ஆவது ஆணையம் சொன்னது 41 விழுக்காடு. இதில் யாருடைய தயவும் இல்லை. காவல் நிலையம், அரசு மருத்துவமனை, பாசனம், குடிநீர் எல்லாம் மாநிலத்தின் பொறுப்பு. அரசுகளின் மொத்தச் செலவில் ஐந்தில் மூன்று பங்கு மாநிலங்களின் தலையில்தான் விழுகிறது. வருவாயின் பெரும்பகுதியோ ஒன்றியத்திடம். அந்த இடைவெளியை நிரப்பவே இந்தப் பகிர்வு.

“41 விழுக்காடு போதாதா?” என்பார்கள். வசூலாகும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 41 ரூபாய் வந்தால் போதுமா என்று பேசலாம். வருவதில்லையே! செஸ், சர்சார்ஜ் என்ற பெயரில் வாங்குவது பகிர்வுக் கணக்கிலேயே சேராது. பெட்ரோலை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 மே மாதக் குறைப்புக்குப் பிறகு லிட்டருக்கு ஒன்றிய கலால் வரி 19 ரூபாய் 90 காசாக இருந்தது. அதில் பகிர வேண்டிய அடிப்படை வரி வெறும் 1 ரூபாய் 40 காசு. அதன் 41 விழுக்காடு சுமார் 57 காசு. அதைத்தான் 28 மாநிலங்களும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. மீதி 18 ரூபாய் 50 காசும் டெல்லிக்கே. 2025 ஏப்ரலில் 2 ரூபாய் கூட்டினார்கள்; அப்போதும் அடிப்படை வரியில் கை வைக்கவில்லை. மாநிலங்கள் தனியே வாட் போடுவது உண்மைதான். அது மாநிலத்தின் சொந்த அதிகாரம். பங்கை மறுக்க அது காரணமாகாது.

ஜிஎஸ்டி மன்றத்தில் மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இருக்கிறதே என்பது அடுத்த வாதம். தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். ஆக, அத்தனை மாநிலங்களும் ஒரே அணியில் நின்றாலும், ஒன்றியம் மறுத்தால் எதுவும் நடக்காது.

திட்டங்களின் கதையும் இதுதான். பிரதமர் பெயரில் கிராமத்தில் கட்டும் வீட்டுக்குச் சமவெளிப் பகுதிகளில் 1,20,000 ரூபாய் உதவி. அதில் 48,000 ரூபாய் மாநிலத்தின் பணம். பெயர்ப்பலகையில் அது தெரியாது.

“அப்படியானால் வரிப் பணம் பீகார் போன்ற ஏழை மாநிலங்களுக்குப் போகக் கூடாது என்கிறீர்களா?” என்று மடக்குவார்கள். இல்லவே இல்லை. ஏழை மாநிலத்துக்குக் கூடுதலாகப் போவதுதான் நியாயம். செஸ்ஸால் பாட்னாவின் கஜானாவும்தான் இளைக்கிறது. 15ஆவது ஆணையத்தின் கணக்கில் தமிழ்நாட்டின் பங்கு ஏறத்தாழ 4 விழுக்காடு, பீகாருக்கு 10, உத்தரப் பிரதேசத்துக்கு 18. பகிராமல் ஒதுக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் அதிகம் இழப்பது லக்னோதான்.