மேப்பில் லயம் எங்கே?

நண்பன் ஃபேன்டஸி நாவல் எழுதுகிறான். "மச்சான், அந்த உலகத்துக்கு ஒரு மேப் வரைஞ்சு தா"ன்னு கேட்டான். வரைந்தேன். மேற்கே கடல், நடுவில் பனிமலை, கிழக்கே தீய ராஜ்ஜியம். பார்த்தால் டோல்கீனின் மிடில் எர்த் அப்படியே! மாத்தளையில் பிறந்த நமக்குப் பனிமலை எதுக்கு?

டோல்கீன் மேப்பை முன்னால் வைத்துக்கொண்டு கதை எழுதியவர். 1954இல் வந்த 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' மேப்பை வரைந்தது அவர் மகன் கிறிஸ்டோபர். ஒரு ஆள் ஒரு நாளில் எவ்வளவு தூரம் நடப்பான் என்று கணக்குப் பார்த்த மனுசன். நாம் அந்தக் கணக்கை விட்டுவிட்டு மலையை மட்டும் காப்பி அடிக்கிறோம்.

நடை நமக்குத் தெரியாததா? கோப்பிக் காலத்தில் நம்ம ஆட்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். காய்ச்சலிலும் பசியிலும் அவர்கள் விழுந்த இடங்களை எந்த மேப் குறித்தது? மலையகம் 200ஐ நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மறுபடி நடந்தார்கள்.

தோட்டத்துக்குத் துரை வைத்த பெயர் ஒன்று, நம்மவர்கள் கூப்பிட்ட பெயர் இன்னொன்று. மேப்பில் ஏறியது துரை வைத்ததுதான். நாமும் கோட்டைக்கு மட்டும் பெயர் போட்டு, சனம் வாழும் இடத்தை வெறும் பச்சையாக விட்டால் அதுவும் துரை வேலைதான்.

"கற்பனைதானே, விடேன்" என்கிறான். கற்பனையிலும் லயத்துக்கு இடமில்லை என்றால் வேறு எங்கே கிடைக்கும்?

பழைய மேப்பைக் கிழித்துவிட்டேன். புதியதில் முதலில் போட்டது ஒரு ஒற்றையடிப் பாதை. கோட்டையை அவன் தேடட்டும்.