நாற்பத்தொன்றில் பதின்மூன்று போனால்

ஏப்ரல், மே மாதங்களில் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்ற பேச்சு எழுந்ததும், பக்கத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியைப் பற்றி நாலு விதமான தீர்ப்பு வரும். புது பில்டிங் கட்டியிருக்காங்க என்பார் ஒருவர். பிள்ளைங்க குறைஞ்சு போச்சு, இன்னும் ரெண்டு வருஷத்துல மூடிடுவாங்க என்பார் இன்னொருவர். இங்கிலீஷ் மீடியம் வந்திருச்சு, ஸ்மார்ட் போர்டு மாட்டியிருக்காங்க என்று ஒரு தரப்பு, ஹெச்.எம். தங்கமான மனுஷர் என்று மற்றொரு தரப்பு. நாலும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உள்ளே போய் உட்காரும் பிள்ளைக்கு அங்கே வாசிக்க வருமா, கணக்கு வருமா என்ற கேள்விக்கு இவற்றில் ஒன்றுகூடப் பதில் இல்லை. ஒரு தொடக்கப் பள்ளியின் தரத்தை அறிய ஒரே இடத்தைத்தான் பார்க்கலாம் என்றால் நான் மூன்றாம் வகுப்பைச் சொல்வேன். அதிலும் முதல் வரிசைப் பிள்ளையை அல்ல, வாசிக்கத் திணறும் பிள்ளையை. ஜூனில் அது எங்கே இருந்தது, பிப்ரவரியில் எங்கே இருக்கிறது? அந்த நகர்வுதான் பள்ளி செய்த வேலை. மற்றதில் பெரும்பகுதி பள்ளிக்கு வாய்த்தது.

கட்டடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கதவில்லாத கழிப்பறையும் மழைக்கு ஒழுகும் கூரையும் உள்ள பள்ளியைப் பற்றி மேற்கொண்டு பேசுவதற்கு எதுவும் இல்லை. முதலில் அதைச் சரிசெய்யச் சொல்லி மனுப் போட வேண்டும். காலைச் சிற்றுண்டியும் இந்த வகைதான். பசியோடு வரும் பிள்ளையிடம் பாடம் ஏறாது. இவையெல்லாம் வாசற்படி. வாசற்படியைத் தாண்டிவிட்ட இரண்டு பள்ளிகளில் எது மேல் என்பதைத் தரையின் டைல்ஸ் சொல்லாது. சேர்க்கை எண்ணிக்கையும் சொல்லாது. தமிழ்நாட்டில் ஒரு பெண் பெறும் குழந்தைகளின் சராசரி, 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 1.8. ஊரில் பிறப்பே குறையும்போது ஒன்றாம் வகுப்பில் தலைகள் குறைவதற்கு வாத்தியார் என்ன செய்வார்? போதாததற்கு, 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடங்களுக்கு அரசுச் செலவில் பிள்ளைகளை அனுப்பச் சொல்கிறது. எதிர்க்கடைக்குக் கூப்பன் கொடுத்து அனுப்பிவிட்டு நம் கடையில் ஏன் கூட்டமில்லை என்று கேட்பது போலத்தான் இது.

மதிப்பெண்ணைப் பார்த்தால் போதாதா என்றால், போதாது. அமெரிக்காவில் 1966இல் ஜேம்ஸ் கோல்மன் தலைமையிலான குழு ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை தந்தது. பிள்ளைகளின் தேர்ச்சி வேறுபாட்டில் பள்ளியின் வசதிகளைவிட வீட்டுப் பின்னணிக்கே பெரிய பங்கு என்ற அதன் முடிவு கல்வியாளர்களைக் கலக்கியது. அந்த முடிவின் மீது வாதங்கள் ஓயவில்லை. ஆனால் அதிலிருந்த எச்சரிக்கை நம் ஊருக்கும் பொருந்தும். அம்மா பட்டதாரி, வீட்டில் பத்திரிகை வாங்குகிறார்கள், சாயங்காலம் டியூஷன் என்றால் அந்தப் பிள்ளையின் வாசிப்பில் பள்ளிக்கூடத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். செங்கல் சூளை வேலைக்குப் போகும் வீட்டிலிருந்து, குடும்பத்தில் முதல் ஆளாக எழுத்தைத் தொடும் பிள்ளை ஒரு பத்தியைத் தானாக வாசித்தால் அதை ஏறக்குறைய முழுதாகவே பள்ளியின் கணக்கில் எழுதலாம். நிற்கும் இடம் வேறு, நடந்த தூரம் வேறு என்பதற்குக் கொரோனாவே ஒரு சாட்சி விட்டுச் சென்றது. 2020 மார்ச்சில் மூடிய நம் தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். அந்த டிசம்பரில் பின்னடைவு பெரிதாக இருந்தது. ஆறே மாதத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு ‘இல்லம் தேடிக் கல்வி’ மாலை வகுப்புகளால் வந்தது என்பது அவர்கள் கணக்கு. டிசம்பர்ச் சோதனையோடு நிறுத்தியிருந்தால் நம் பள்ளிகள் தோற்றுவிட்டன என்றே எழுதி முடித்திருப்போம்.

நகர்வை அளக்க ஆய்வாளர் வேண்டியதில்லை. பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்திவரும் ‘ஏசர்’ கணக்கெடுப்பின் கருவி ஒன்றிரண்டு தாளில் அடங்கும்: எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்பு அளவில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு சிறு கதை, கணக்கில் கடன் வாங்கிக் கழித்தல், மூன்றிலக்க எண்ணை ஓரிலக்கத்தால் வகுத்தல். தன்னார்வலர்கள்தான் வீடு வீடாகப் போய் அதைக் கேட்கிறார்கள். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. பாடப் புத்தகத்தைத் திறந்து வாசிக்கச் சொல்லக் கூடாது. விரல் வரியின் மேல் ஓடும், வாய் நினைவிலிருந்து ஓடும், கேட்பவர் ஏமாந்துபோவார். கொக்குப் படத்துக்குக் கீழே ‘கொக்கு’ என்று பிசகாமல் சொல்லும் பிள்ளையிடம் ‘கொத்து’ என்று எழுதிக் காட்டினால் ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்று தடுமாறி ‘கோத்து’ என்னும். துணைக்காலை விட்டுவிட்டு ‘கெத்து’ என்று வாசித்து, சரியா என்று நம் முகத்தைப் பார்க்கும். எழுத்தெல்லாம் தெரியுது சார், சேர்த்து வாசிக்க வரலை என்று ஆசிரியர்கள் சொல்வது இந்தப் படியைத்தான். மருந்துக் கடை உறை, கல்யாணப் பத்திரிகை, பஸ்ஸின் ஊர்ப் பலகை என்று பிள்ளை முன்பின் பார்த்திராத எதையாவது கொடுக்க வேண்டும்.

நோட்டு இன்னும் நன்றாகப் பேசும், வாசிக்கத் தெரிந்தால். முத்து முத்தான கையெழுத்தைக் கண்டு பெற்றோர் மயங்குகிறார்கள். அது பெரும்பாலும் கரும்பலகையைப் பார்த்து எழுதியது. வகுப்பின் இருபது நோட்டிலும் அதே ஐந்து வாக்கியம், அதே இடத்தில் அதே அடிக்கோடு. பிழையே இல்லாத மூன்றாம் வகுப்பு நோட்டைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வரும். ‘எங்க ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சி’ என்று ஒற்றை விட்டும் ஒற்றைக் கூட்டியும் ஒரு வாக்கியம் இருந்தால், அங்கே யாரோ பிள்ளையைத் தானாக எழுத விட்டிருக்கிறார்கள். கணக்கு நோட்டில் கழித்தல் பக்கத்தைப் புரட்டினால் போதும். 41இல் 13 போக 32 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. அது கவனக்குறைவு இல்லை. ஒன்றில் மூன்று போகாது என்பதால், மேலே கீழே பார்க்காமல் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கும் ஒரு விதியைப் பிள்ளையே செய்துகொண்டிருக்கிறது. அதன் மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் 28, கீழே தேதியோடு சுருக்கொப்பம் என்று மட்டும் இருந்து, நாலு மாதம் கழித்தும் 52இல் 27 போக 35 என்றே வந்தால் நோட்டு திருத்தப்பட்டிருக்கிறது, பிள்ளை திருத்தப்படவில்லை. இன்னொரு நோட்டில் ஆசிரியர் ஓரத்தில் நாலு கட்டுக் குச்சியும் ஒரு தனிக் குச்சியும் வரைந்து, ஒரு கட்டை அவிழ்த்துப் பத்தாகப் பரப்பியிருப்பார். அடுத்த பக்கத்தில் அதே மாதிரி நாலு கணக்கு, அதில் மூன்று சரி. அந்த இரண்டு பக்கங்களுக்கு நடுவில் இருப்பதை எந்த ஸ்மார்ட் போர்டும் காட்டாது.

இதை நியாயமாகப் பார்க்க வேண்டுமென்றால் ஆசிரியரின் நாளையும் கணக்கில் எடுக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர். வகுப்புகளோ ஐந்து. எனவே ஈராசிரியர் பள்ளியில் எந்த நேரமும் மூன்று வகுப்புகளுக்குத் தனி ஆள் கிடையாது. ஒருவர் பயிற்சிக்குப் போனாலோ, கல்வித் துறையின் ‘எமிஸ்’ தளத்தில் பள்ளி விவரம் ஏற்ற உட்கார்ந்தாலோ அன்று அது ஓராசிரியர் பள்ளிதான். இந்த நெருக்கடியில் வகுப்பை முன்னால் வைத்துப் பாடம் நடத்தினால் திணறும் பிள்ளை தொலைந்துபோகும் என்பதை நம் கல்வித் துறையே உணர்ந்திருக்கிறது. 2007இல் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றலின் ஏணியும் அட்டைகளும், 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் நிலைகளும் ஒரே எண்ணத்தின் இரண்டு பெயர்கள்: எந்த வகுப்பு என்பதைவிட எந்தப் படியில் நிற்கிறது என்பதைப் பார். ஆகவே அரும்பிலிருந்து எத்தனை பேர் மொட்டுக்கு வந்தார்கள் என்று பெற்றோர் கேட்டால், அது வெளியிலிருந்து திணிக்கும் அளவுகோல் ஆகாது.

இவ்வளவு எதற்கு, நல்ல தனியார் பள்ளியில் போட்டுவிட்டால் தீர்ந்தது என்பது வலுவான மறுப்பு. ஊர் ஊராக மஞ்சள் வேன்கள் அதைத்தான் சொல்கின்றன. அந்தப் பெற்றோரை நான் குறைசொல்ல மாட்டேன். ஆங்கிலமும் மரியாதையும் தேடிப் போகிறார்கள். ஆனால் கற்றல் அங்கே தானாகக் கூடிவிடுகிறதா? ஆந்திரத்தில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் குலுக்கல் மூலம் ஏழைப் பிள்ளைகள் சிலருக்குத் தனியார் பள்ளிக் கட்டணத்தைக் கொடுத்துச் சேர்க்க வைத்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, குலுக்கலில் இடம் கிடைக்காமல் போனவர்களோடு ஒப்பிட்டபோது தெலுங்கிலும் கணக்கிலும் வேறுபாடு இல்லை. இந்தியில் மட்டும் தெளிவாக முன்னே இருந்தார்கள். அதே ஆய்வில் அரசுப் பள்ளிகளுக்குச் சங்கடமான செய்தியும் உண்டு. தனியார் பள்ளிகள் ஒரு பிள்ளைக்குச் செலவிட்டது அரசு செலவிட்டதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆக, வெளியே தொங்கும் போர்டு அரசா தனியாரா என்பது பதில் சொல்லவில்லை. பள்ளி பள்ளியாகத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள வகுப்பில் என்ன அளவு, இரண்டு பேருக்குச் சோதனையன்று காய்ச்சல் வந்தால் சதவீதமே கவிழ்ந்துவிடுமே என்று கேட்கலாம். சரிதான். அதனால்தான் சதவீதம் வேண்டாம் என்கிறேன்; பன்னிரண்டு பேரையும் பேர் பேராகப் பார்த்துவிடலாம். இப்படிப் பார்க்கத் தொடங்கினால் சோதனைக்கென்றே பழக்கிவிடுவார்கள், துறையின் செயலியில் எல்லாரையும் மலர் என்று ஏற்றிவிடுவார்கள் என்ற பயமும் வீண் பயமல்ல. பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தி, பின்தங்கிய பள்ளிக்கு விளக்கம் கேட்டு மெமோ அனுப்பினால் அதுதான் நடக்கும். நான் சொல்வது அலுவலகத்துக்குப் போகாத ஒரு பார்வை. அதற்கான இடத்தைச் சட்டமே பள்ளி மேலாண்மைக் குழு என்று உண்டாக்கி வைத்திருக்கிறது. உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி, ஆண்டு விழா என்று பேசி முடிந்ததும் கலைந்துவிடாமல், பத்து நிமிடம் மூன்றாம் வகுப்பு நோட்டுகளை மேசையில் பரப்பலாம். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு இது எப்படி முடியும் என்பார்கள். ஜூன் பக்கத்தையும் ஜனவரிப் பக்கத்தையும் அருகருகே வைத்தால் தன் பிள்ளையின் எழுத்து மாறியிருக்கிறதா, எல்லாப் பிள்ளைகள் நோட்டிலும் ஒரே வரிதான் இருக்கிறதா என்பது கண்ணுக்கே தெரியும்.

நேரமில்லாதவர்கள், சேர்க்கைக்குப் போகும் அன்று தலைமை ஆசிரியரிடம் ஒன்று மட்டும் கேட்கலாம்: மூணாங்கிளாஸ்ல இன்னும் வாசிக்க வராத பிள்ளைங்க யார் யாரு? பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம். பதிவேட்டை எடுக்காமலே, மூணு பேரு சார், ஒருத்தனுக்கு ஒற்று வரலை, ஒரு பொண்ணு அடிக்கடி லீவு, அவங்க பாட்டியை வரச் சொல்லியிருக்கேன் என்கிற மாதிரி பதில் வந்தால் தயங்காமல் பிள்ளையைச் சேர்க்கலாம். அதெல்லாம் இல்லைங்க, எல்லாப் பிள்ளைங்களும் நல்லாப் படிக்கிறாங்க என்று வந்தால், அடுத்த ஊர்ப் பள்ளியையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம்.